பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு

கல்லூரிக் கபடி அணிக்கு நான் கேப்டனாக இருந்த வருடம், எங்கள் வலது மூலையில் நிற்பவள் திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எதிரணிப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்தால் அவள் விட்டதே கிடையாது. விசாரித்தேன். அவளுடைய அப்பா அம்மா மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த கரும்பு வெட்டுபவர்கள். புனேயில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவளே சம்பாதிக்க வேண்டும். அதனால் மதியத்துக்கு மேல் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் பயிற்சியும் அதே நேரத்தில்தான்.

கடைக்கே போனேன். சேலைகளை மடித்துக்கொண்டே பேசினாள். மராத்தியில்தான் பேசிக்கொண்டோம்.

"நாங்க பதினோரு பேரும் சேர்ந்து உன் சாப்பாட்டைப் பாத்துக்கறோம், வந்துடு."

"வேண்டாம். நாளைக்கு ஆட்டத்துல ஒரு பிடியை விட்டேன்னா உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பிம்ப்ரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மெட்ரோவில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவள் விளையாடுவது எங்களுக்காகவா? வென்ற கோப்பைகளெல்லாம் கல்லூரி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. கல்லூரிதானே சோறு போட வேண்டும்?

கல்லூரியில் கேட்கப் போகிறேன் என்றதும் வீட்டில் அம்மா மடக்கினாள். "உனக்குத்தான் வீட்ல சோறு இருக்கே. நீ ஏன்டி போய்க் கேக்கணும்?"

"நான்தானேம்மா கேப்டன்."

கல்லூரி முதல்வர் பொறுமையாகக் கேட்டார். "விளையாடறதுக்குச் சம்பளமெல்லாம் குடுக்க முடியாதும்மா. விதியில இடமில்லை."

"சம்பளம் வேண்டாம் சார். வெளியூர்ப் பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல்ல இடம், பயிற்சி முடிஞ்சா மெஸ்ல சாப்பாடு. போட்டி அன்னைக்குப் பரீட்சை வந்தா வேற தேதி. அவ்வளவுதான்."

"சரி, கஷ்டப்படற பொண்ணுங்க பேரை மட்டும் எழுதிக் குடு."

பன்னிரண்டு பேரையும் எழுதினேன். முதல் பெயர் என்னுடையது.

"உங்க அப்பா மருந்து ஃபேக்டரியில வேலையில இருக்காரே?"

"இருக்கார் சார். ஆனா ஏழைக்குன்னு தனியா வெச்ச தட்டுல அவ கைவைக்க மாட்டா. நாங்க எல்லாரும் உட்காந்தா அவளும் உட்காருவா."

கமிட்டி முடிவெடுக்கும் என்று அனுப்பிவிட்டார். திங்கள்தோறும் போய் அவர் அறை வாசலில் உட்கார்ந்தேன். பியூன் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே பெஞ்சைக் காட்டுவார். ஐந்தாவது வாரம் கடிதம் கையில் கிடைத்தது. ஹாஸ்டலும் சாப்பாடும் சரி. பரீட்சையைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார்கள். அடிபட்டால் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று பெயர்களுக்குக் கீழே நான் கடைசியாகச் சேர்த்திருந்ததை மட்டும் அடித்துவிட்டார்கள்.

கடிதத்தை அவளிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மாதக் கடைசி வரை கடையில் வேலை செய்துவிட்டு வந்து சேர்ந்தாள். முதல் நாள் மெஸ்ஸில் பருப்பில் உப்பில்லை என்று வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி முணுமுணுத்தாள். இவள் யாரையும் பார்க்காமல் மூன்றாவது பாக்ரி ரொட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அரையிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசிப் பிடியை விட்டது அவள்தான். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். ஆனால் மறுநாள் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். அந்த ஆட்டத்தில் முழங்கால் திருகிய இன்னொருத்தி நொண்டிக்கொண்டே வந்தாள். அவள் காலைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.