சுகந்திக்கு மீசை இருந்தது

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

சுகந்தி இறந்துவிட்டார். நேற்று மத்தியானம், பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆமாம்... புது க்ரைம் நாவல் உசத்தியா, ரீப்ரின்ட் ஆன பழைய பாக்கெட் நாவல் உசத்தியா என்று போன வாரம் முழுக்க இந்த குரூப்பில் சண்டை போட்டீர்களே, அதில் பாதிப் பேர் தூக்கிப் பிடித்த அதே சுகந்திதான். "மேடம் இப்போ எங்க இருக்காங்க?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார்.

மேடம் இல்லை. அவர் பெயர் ஆரோக்கியசாமி. ஒரு தொழிற்சாலையின் டிஸ்பேட்ச் செக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜை. அடர்த்தியான மீசை.

பெண் பெயர் போட்டால் விற்கும் என்று சென்னைப் பதிப்பாளர் வைத்த பெயர் சுகந்தி. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

தொண்ணூற்றொன்றில் நான் அங்கே சேர்ந்தேன். எம்.ஏ. படித்துவிட்டு பார்சலுக்கு முத்திரை குத்துகிறோமே என்ற கடுப்பு... இன்றைக்கும் போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் சாப்பாட்டு நேரத்தில் பழைய சலான்களின் பின்பக்கத்தில் கொலை செய்துகொண்டிருந்தார்.

அந்தக் காலத்து மாத நாவலுக்கு அட்டைதான் முதலில் அச்சாகும். கதை அப்புறம். அட்டையில் என்ன படமோ, அது கதைக்குள் எங்கேயாவது வந்தாக வேண்டும்.

ஒரு மாதம் வந்த அட்டையில் பனிமலை. அதன் முன்னால் புடவை கட்டிய பெண். கையில் துப்பாக்கி.

"என்ன அண்ணே, சுகந்தி காஷ்மீர் போறாங்களா?"

"நான் ஆபீசுக்கே சைரன் அடிச்சப்புறம்தான் வர்றேன், காஷ்மீர் எங்கப்பா போறது? சிவாஜிநகரைத் தாண்டி என் ஆளு எவனும் போவமாட்டான்."

சில நாள் அந்த அட்டையை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு சாயங்காலம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கெடச்சிடுச்சி. போட்டோ ஸ்டுடியோ."

சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோ. பனிமலை, பின்னால் தொங்கும் திரையில் வரைந்தது. அந்தப் பெண் படம் எடுத்துக்கொள்ள வந்தவள். போஸுக்காகப் போட்டோகிராபர் கொடுக்கும் துப்பாக்கி, பொம்மை இல்லை, நிஜம் என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

முதல் பக்கத்திலேயே போட்டோகிராபர் காலி. சுட்டது யார் என்று ஊருக்கே தெரியும். பொம்மையை எடுத்துவிட்டு நிஜத்தை வைத்தது யார்... அதுதான் கதை.

இன்றைக்கு எழுதுகிறவர்கள் யாராவது இப்படி ஒரு முதல் பக்கம் எழுதிக் காட்டட்டும்.

துப்பறிகிறவர் ஒரு ஏட்டு. ஸ்டேஷனில் கன்னடம், வீட்டில் தமிழ். ஜீப் கிடையாது. கொலைகாரன் முன்னால் போகும் பஸ்ஸில், ஏட்டு பின்னால் வரும் பஸ்ஸில், இரண்டும் ஒரே டிராஃபிக்கில் நிற்கிற அந்தத் துரத்தலை எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் அந்த நாவல் ரீப்ரின்ட் ஆனது. பழைய அட்டையை எடுத்துவிட்டுக் கறுப்பில் ஒரு மாடர்ன் ஓவியம் போட்டார்கள். ஒரு ஐ.டி. இளைஞர் எழுதிய புது க்ரைம் நாவலையும் சேர்த்து, ஒரே மேடையில் வெளியீடு. நானும் ஆரோக்கியம் அண்ணனும் கடைசி வரிசையில்.

பேச வந்த விமர்சகர், என் கட்டுரை ஒன்றைப் படிக்காமலே திருப்பி அனுப்பியவர். மறக்கவில்லை. புது நாவல் நகரத்தின் இருட்டைக் காட்டுகிறதாம். பழையதில் இருப்பது வெகுளித்தனமாம். சிவாஜிநகரில் திடீரென்று வருகிற பனிமலை, ஆசிரியையின் ஆழ்மன ஏக்கமாம்.

நான் எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சும்னே உக்காருப்பா."

"உங்களைப் பத்திதான் அண்ணே உளர்றாரு."

"என்னைப் பத்தி எங்க? சுகந்தியப் பத்தி. அவ ஆழ்மனசு எனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் முடிந்ததும் அந்தப் புது நாவலை வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்கு வரிசையில் போய் நின்றார்.

"யார் பேருக்கு சார்?"

"சுகந்தின்னு போடுங்க."

"உங்க வொய்ஃபா சார்?"

"கிட்டத்தட்ட."

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான், 'சுகந்திக்கு அன்புடன்' என்று. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல்.

படித்துவிட்டுச் சொன்னார். "நல்லா எழுதறான்பா. வசனமெல்லாம் கத்தி. ஆனா அவனோட துப்பறியற ஆளு நூறு பக்கமா குடிக்கிறான், ஒரு வாய் திங்கல. என் ஏட்டா இருந்தா ரெண்டாவது அத்தியாயத்துலயே வாந்தி எடுத்திருப்பான்."

என்னால் அவ்வளவு பெருந்தன்மையாக இருக்க முடியாது. புது நாவல்களில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மழை. பெங்களூர் மழை அப்படி இல்லை, நாலு மணிக்கு மேல் வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவனை நனைத்துவிட்டுப் போய்விடும். அது சுகந்தி நாவலில் இருக்கிறது.

அவர் ரிட்டயர் ஆன பிறகு கேட்டேன். "இனிமே கம்பெனி என்ன பண்ணும்? நான் சொல்லிடறேன் அண்ணே."

"பொம்பளைன்னு நெனச்சி ஆசையா படிச்சவன் முன்னாடி மீசையோட போயி நிக்கச் சொல்றியா? நான் போனப்புறம் சொல்லிக்கோ."

இன்று காலை அடக்கம். சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள், தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல ஊழியர், நல்ல கணவர், கொயரில் நன்றாகப் பாடுவார் என்று பேசினார்கள். எழுதுவார் என்று யாரும் சொல்லவில்லை. வந்தவர்களில் யாருக்கும் தெரியாது.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா வாசல் வரை வந்தார். "உங்கிட்ட சொல்லிக்கோன்னு சொன்னாரில்ல... சொல்லுப்பா."

சொல்லிவிட்டேன். ஸ்டுடியோவில் அந்தத் துப்பாக்கியை மாற்றி வைத்தவர் ஆரோக்கியசாமி. ரீப்ரின்ட் போட்ட பதிப்பாளர் இந்த குரூப்பில்தான் இருக்கிறார், படித்துக்கொள்ளட்டும். அடுத்த பதிப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போய் வாங்க, ஆரோக்கியம் அண்ணே.

கீழே என் பெயரைப் போடத்தான் இருந்தேன். போட்டால் உங்களில் சிலர் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். நமக்குள் தீராத சண்டைகள் இருக்கின்றன, அவை எங்கேயும் போகாது... பெயரில்லாமல் போடும் வசதி இந்த குரூப்பில் இருக்கிறது. அப்படியே போடுகிறேன். எழுதியவர் என்று இங்கே அவர் பெயர் மட்டும் இருக்கட்டும்.