உமாமகேஸ்வரி நிறுத்திய தண்ணீர்

நெடுங்காட்டு உமாமகேஸ்வரி ஸ்கூட்டரை விட்டு இறங்கினால், காரைக்காலில் பாதி வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "மெக்கானிக் வரலையாம்மா?" என்பதுதான். "வந்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டூல் பாக்ஸோடு உள்ளே போய்விடுவார். ஐ.டி.ஐ. முடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் அதே கேள்வி, அதே பதில். கோபித்துக்கொண்டால் வேலை நடக்குமா?

அன்று போன வீட்டில், கதவைத் திறந்த சஃபியா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த பதற்றம் அப்படி. பாத்திரம் கழுவும் மெஷின் ஒரு வாரமாகத் தண்ணீரை அளவில்லாமல் இழுத்து, கதவிடுக்கு வழியாகச் சமையலறையெங்கும் விட்டுக்கொண்டிருந்தது. முன்பு வந்த ஒருவர் தண்ணீர் வரும் வால்வை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்று கையை விரித்துவிட்டார். தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன அவள் கணவர் ஜவஹர் அலி, பழைய இரும்பு வண்டிக்காரரை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். மணி நாலாகிவிட்டது.

சஃபியா இரண்டு கைகளையும் நீட்டினாள். சோப்பு பட்டால் வெடித்து ரத்தம் கசியும் கைகள். "இந்த மெஷினும் போயிட்டா நா என்னக்கா செய்வேன்?"

உமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொட மாட்டார். மெஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் சலசலவென்று ஏறத் தொடங்கியதும் சட்டென்று கரண்டை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"வால்வு நல்லாத்தான் இருக்கு. கரண்டு இல்லாமயும் தண்ணி ஏறுனாத்தான் அது மேல குத்தம். எங்க ஊர்ல வயலு வழிஞ்சா மடைய மட்டும் திட்ட மாட்டோம். அடைக்கப் போனவன் தூங்கிட்டானான்னும் பாப்போம்."

அப்படி அடைக்க வேண்டிய ஆள் மெஷினின் அடித்தட்டில் இருந்தது. உள்ளங்கை அகல மிதவை. தண்ணீர் உயர உயரத் தானும் உயர்ந்து, போதும் என்று நிறுத்த வேண்டியது. உமா விரலால் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. தண்ணீரை வாரிவிட்டு அதை மெல்ல உருவினார். அடியில் போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தார். வெந்தயம், பூண்டு, இஞ்சி.

"நோன்புக் கஞ்சி! பாத்திரம் அடுக்குறது யாரு?"

வாசற்படியில் நின்ற ஜவஹர் அலி தொண்டையைச் செருமினார். மனைவியின் கையில் சோப்பு படக் கூடாதென்று நோன்பு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் அடுக்குகிறார். பாவம், நல்ல மனுஷர்.

"பள்ளிவாசல் கஞ்சிம்மா. மிச்சத்தச் சாக்கடையில ஊத்த மனசு வரல. அதான் சட்டியோட உள்ள கவுத்துட்டேன்."

"மெஷின் அத எங்க கொண்டு போயி ஊத்துதுன்னு நெனச்சீங்க பாய்?"

ஒரு வாரத்துக்குப் பிறகு சஃபியா அன்றுதான் சிரித்தாள்.

உமா மிதவையை வெந்நீரில் ஊறவைத்து, அது ஏறி இறங்கும் குழலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தார். மறுபடி பொருத்தி ஓடவிட்டபோது நாலே முக்கால். மூன்று பேரும் குனிந்து கதவிடுக்கையே பார்த்தார்கள். தண்ணீர் ஏறியது, 'டக்'கென்று நின்றது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. ஒரு பார்ட்ஸைக்கூட மாற்றாமல் முடித்துவிட்டார் அந்த மகராசி.

வாசலில் ஹாரன் கேட்டது. "ஒண்ணுமில்லப்பா, நீ போயிட்டு வா" என்று ஜவஹர் அலியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். மிச்சக் கஞ்சியை இனிமேல் கோழிக்கு வைக்கச் சொன்னார் உமா. ஜவஹர் அலி சரியென்று தலையாட்டினார்.

அப்போதுதான் வந்திருந்த கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி நீட்டினாள் சஃபியா. "மிச்சம் வைக்காம குடிக்கணும்க்கா."

"வைப்பனா? எங்க வீட்ல மெஷின் கெடையாதும்மா. நாந்தான் கழுவணும்."

உமா சொல்லிச் சிரித்தார். வாளியை வாங்கிய அந்தக் காய்த்துப்போன கையை, வெடிப்பு விழுந்த தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள் சஃபியா. விட மனசே வரவில்லை.