படம் ஓடுது

கட்டப்போகிற வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கண்ணில் காட்டுகிற தொழில் அவருடையது. வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். சுவர் எழும்பி, சாயம் பூசி, ஜன்னல் கண்ணாடியில் காலை வெயில் அடிக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தந்துவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் படக்காரர். அஸ்திவாரம் தோண்டாத வீட்டை அவருடைய படத்தைப் பார்த்தே விலை பேசி முடித்தவர்கள் உண்டு. இருபது வருஷமாக வீட்டின் கடைசி அறைதான் ஆபீஸ். அதுவும் வாடகை வீடு. ஊருக்கெல்லாம் வீடு காட்டுகிறவருக்குச் சொந்த வீடு இல்லையா என்று யாராவது சீண்டினால், "டாக்டருக்குக் காய்ச்சல் வராதா?" என்று சிரிப்பார். போன வருஷம் வரைக்கும் சிரித்தார்.

போன வருஷம் என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சங்கடமே. யாரும் சாகவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, தொழிலில் எவனும் ஏமாற்றவில்லை. மனுஷன் மட்டும் மெல்ல மெல்ல மரத்துப்போனார். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். மகள் பள்ளியில் முதல் பரிசு வாங்கிவந்து காட்டியபோது "நல்லது" என்றார். முந்தின நாள் கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொன்னபோதும் இதே குரலில் இதே "நல்லது"தான் வந்தது. பிள்ளை பரிசை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒருவர் காரணமில்லாமல் இப்படி ஆனால் கூட இருப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. காரணத்தைத் தேடினார்கள். கம்ப்யூட்டர் வசமாக மாட்டியது.

ஏழு வருஷத்துப் பழசு. ஒரு படத்தை அது முழுசாக உருவாக்கி முடிக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் அதில் வேறு எதையும் தொட முடியாது. "உள்ள என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கேட்டால் "படம் ஓடுது" என்பார். வீடு கட்டி விற்கிற கட்டடக்காரர் போன் போட்டு நாளைக்குக் கிடைக்குமா என்றாலும் "படம் ஓடுது சார்." அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

அந்தக் கட்டடக்காரர் ஒரு விடாக்கண்டன். அவர் தருகிற வேலையில்தான் படக்காரரின் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

"என்ன படக்காரரே, முன்னல்லாம் பால்கனியில ஒரு அம்மா நிப்பாங்க, வாசல்ல ஒரு கொழந்த சைக்கிள் ஓட்டும். இப்ப ஆள் நடமாட்டத்தையே காணோமே. பேய் வீடு மாதிரி இருந்தா எவன் வாங்குவான்?"

"ஆளுங்கள வச்சா மெஷின் தாங்கல சார்."

வாய் கூசாமல் வந்துவிட்டது. தாங்காதது மெஷின் இல்லை. குழந்தையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று யோசிக்க உட்கார்ந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். குழந்தை மட்டும் வந்து நிற்காது.

"அப்ப மெஷின மாத்துங்க. அடுத்த மாசம் நாப்பது வீடு ஆரம்பிக்கறேன். வீட்டுக்குள்ள நடந்து பாக்கற மாதிரி வீடியோவே வேணும். முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன். மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

மனசில் எதுவும் தங்கினால்தானே வைத்துக்கொள்வதற்கு.

படக்காரரின் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்தால் முடிக்காமல் விடமாட்டாள். நாலு கடை ஏறி இறங்கி, எந்த மாடல், என்ன உத்தரவாதம் என்று விற்கிறவர்களைவிட அதிகம் தெரிந்துகொண்டு வந்தாள். விலை அவளுடைய ஏழு மாதச் சம்பளம். இருபத்துநாலு தவணையில் கட்டலாம். படக்காரருக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லாததால் கடன் அவள் பேரில், அவளுடைய சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

"ரெண்டு வருஷங்கறது கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும். நீங்க பழையபடி ஆயிடுவீங்க, பாத்துக்கிட்டே இருங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது, சொல்லிவிட்டார்.

கடை மாடியில் இருந்தது. விற்பனையாளர் தேன் ஒழுகப் பேசினார். "வேற எதுக்கு சார் பேச்சு? உங்க படத்தையே போட்டுப் பாத்துடலாம்" என்று படக்காரர் கொண்டுவந்த பென் டிரைவை வாங்கிச் செருகினார். ஐந்து மணி நேரப் படம் பதினொரு நிமிடத்தில் முழுசாக வந்து நின்றது. விற்பனையாளர் கை தட்டினார். மனைவி கணவனின் கையைக் கிள்ளினாள்.

"பாத்தீங்களா! பதினொரே நிமிஷம்!"

பார்த்தார். ஆளே இல்லாத ஒரு வீட்டின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு நிமிடம் முடிந்த பிறகு மிச்சப் பகலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் அவருக்குத் தோன்றியது. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. மரத்த கையில் சூடு பட்டால் ஏதோ படுகிறது என்று மட்டும் தெரியுமே, அவ்வளவுதான்.

கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெண் அதே கடையில் ஒரு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவியின் சம்பளச் சீட்டுகளைச் சரிபார்த்துவிட்டு, "சாரோட வருமானத்தையும் காட்டினா சீக்கிரம் பாஸாயிடும் மேடம். ஆறு மாசத்து பில் கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள். கொண்டுவந்திருந்தார்கள். அவள் எண்ணினாள்.

"ஒம்பதுதான் இருக்கு. மிச்சம் வீட்டுல இருக்கா?"

"அவ்வளவுதான்" என்றார் படக்காரர்.

"மெஷின் ஸ்லோங்க" என்று மனைவி குறுக்கே புகுந்தாள். "ஒரு படத்துக்கு அஞ்சு மணி நேரம் எடுத்துக்கும். அதுக்குத்தானே இத வாங்கறதே."

"அஞ்சு மணி நேரம்னாலும் நாளைக்கு ஒண்ணு முடிக்கலாமே மேடம்? ஆறு மாசத்துக்கு ஒம்பதுன்னா..." சொல்லும்போதே அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோம் என்று அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நடுவுல நடுவுல நின்னுபோயிடும். இல்லீங்களா?" என்று கணவனுக்காகப் பரிந்து பேசிக்கொண்டே மனைவி பேனாவைத் திறந்தாள். ஐந்து இடத்தில் கையெழுத்து. முதல் பக்கத்தில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் கால் வீங்கி வருகிறவள், இரண்டு வருஷம் இதற்குப் பணம் கட்டுவாள். புது மெஷினுக்கு முன்னாலும் அவர் இதே குத்துக்கல்லாகத்தான் உட்கார்ந்திருப்பார். அது அவருக்குச் சந்தேகமறத் தெரிந்தது. இந்த ஒரு வருஷத்தில் வேறு எதுவும் அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

மூன்றாவதிலும் போட்டுவிட்டு அவள் நாலாவது பக்கத்தைப் புரட்டினாள். அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"மெஷின் நிக்கல" என்றார்.

"என்னங்க?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் வேலை பண்றதில்ல. பாதி நாள் அத ஆன் பண்றதே இல்ல."

"படம் ஓடுதுன்னு சொல்வீங்களே."

"ஓடாது. சும்மா சொல்வேன்."

கடன் நிறுவனத்துப் பெண் மேஜையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். மனைவி பேனாவை மூடினாள். கையெழுத்துப் போட்ட தாள்களையும் சேர்த்து எடுத்து மடித்தாள். "மன்னிச்சுக்கம்மா, இப்ப வேணாம்" என்று எழுந்து நடந்தாள். பாதிப் படி இறங்கியவள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே போகிறவர்கள் ஒதுங்கி ஏறிப் போனார்கள்.

"அஞ்சு மணி நேரமும் என்ன பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்பேன்."

"எதப் பாத்துக்கிட்டு?"

"எதையும் இல்ல."

"நான் டிவிய நிறுத்திட்டு, டீயக் கதவுக்கு வெளியவே வச்சிட்டுப் போவேனே. படம் ஓடுதே, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு." கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெனம் எத்தன பேரு இந்த மாதிரி மனசு சோந்துபோனதுக்கு மாத்திர வாங்க வர்றாங்க. புருஷனுக்கு, புள்ளைக்குன்னு. நானே எடுத்துக் குடுத்து, பக்கத்துல இருந்து பாத்துக்கங்கன்னு புத்தி வேற சொல்லி அனுப்பறேன். எங்க வீட்டுல இருக்கறவர எனக்குத் தெரியலையே."

வாய்விட்டு அழுதாள். தனக்கும் அழுகை வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.