பன்னிரண்டாம் லெவலில் ஆள் காலி

கோலார் தங்க வயலுக்கு எப்படிப் போவது, பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, 2000-ஆம் வருடக் கடைசியில், சுரங்கத்தை மூடுவதற்குச் சில மாதங்கள் முன்பு. தங்கம் பார்க்கப் போகவில்லை. வீடியோ கேம் கேசட் கொடுக்கப் போனேன். சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் எனக்கும் என் கணவர் சுரேஷுக்கும் அதைத் தவிர வேறு பைத்தியம் கிடையாது. கல்யாணச் சீராக வந்த டிவியில் ஒருநாள்கூடச் செய்தி பார்த்ததில்லை. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பாய், ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். சுரேஷ் இதைப் படித்தால் மறுப்பார், நம்பாதீர்கள்.

சுரேஷின் பெரியம்மா மகள் கஸ்தூரி அண்ணி ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அவருக்கு விளையாடவே தெரியாது. அவர் கணவர் டில்லி அண்ணனுக்குச் சுரங்கத்துக்குள் வேலை. விருப்ப ஓய்வு வேண்டுமென்றால் பேர் கொடுங்கள் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "மேல வந்து நான் இன்னா பண்றது, ஈ ஓட்றதா?" என்று கேட்பாராம். அவருக்கு மேலே ஒரு வேலை வேண்டும் என்பதற்காகவே அண்ணி அந்தக் கடையைப் போட்டார். கடை ஓடினால் மனிதர் இறங்குவதை நிறுத்துவார் என்பது அவர் கணக்கு. கடை ஓடவில்லை. இருந்த நாலு கேசட்டும் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, புதுசா எடுத்துக்கினு வாங்க என்று போனில் கெஞ்சினார்.

சென்னை சென்ட்ரலில் காலை ரயில் ஏறினால் பகல் பன்னிரண்டுக்குள் பங்காருபேட்டை. கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். அங்கே மாரிகுப்பம் போகும் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். டிக்கெட் அப்போது நாலு ரூபாயோ என்னவோ. எங்களுக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. கோரமண்டலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், பஜாருக்கு இருபது ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறினோம்.

"எங்க போணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"வீடியோ கேம் கடை."

"டில்லி பொண்டாட்டி கடையா? ஏறுங்க. எங்க மச்சான் நேத்து அங்க ஒம்பது லெவல் இறங்கினாரு."

"ஏறினாரா, இறங்கினாரா?" என்று கேட்டேன். கேம் விஷயத்தில் யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆட்டோக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லெவல்னா இறங்கறதுதானம்மா. ஏறினா வூட்டுக்கு வந்துக்கினு கீறோம்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறு வயதிலிருந்து லெவல் ஏறிக்கொண்டே வந்தவள் நான். இங்கே லெவல் என்பது சுரங்கத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும் தளம். எண் கூடக்கூட ஆழமும் கூடும். அந்த ஊருக்கு அந்த வார்த்தை வந்து நூறு வருடமாகியிருக்கும், எங்கள் கேசட்டெல்லாம் நேற்று வந்தவை. இதை அப்போதே மனதில் வாங்கியிருக்கலாம். நான் சுரேஷைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் இன்னொரு அதிர்ச்சி. சென்னையில் இந்த மாதிரிக் கடை முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள்தான் இருப்பார்கள். இங்கே மீசை நரைத்த ஆட்கள் நாலு பேர், ஷிப்ட் முடித்துக் குளித்துத் தலைவாரிக்கொண்டு, பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணிக்கு ஐந்து ரூபாய். வெளிச்சம் டிவியில் விழக்கூடாது என்று வாசலில் தடித்த திரை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க. அவரு பகல் ஷிப்டு, நாலு மணிக்கு மேல வந்துடுவாரு" என்றார். வந்தவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வாரா என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் கொண்டுபோனதில் சுரேஷ் பொறுக்கி எடுத்தது ஒரு தோண்டும் ஆட்டம். தொப்பி போட்ட குட்டி ஆள் மண்ணைக் குடைந்துகொண்டு கீழே கீழே போவான், வழியில் வைரம் பொறுக்குவான், பாறை தலையில் விழுந்தால் போச்சு. தங்கம் தோண்டுகிற ஊராச்சே, இது பிய்த்துக்கொண்டு போகும் என்பது எங்கள் கணக்கு. அண்ணி கேசட்டின் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கேசட்டைச் செருகி முடிப்பதற்குள் தரை ஒருமுறை உதறியது. டிவி மேல் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. லாரி போகிறது என்று நாங்கள் நினைத்தோம். பெஞ்சில் இருந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர், "ஏர் பிளாஸ்டு" என்றார், சாதாரணமாக. ஆழத்தில் பாறை வெடித்து விலகினால் மேலே ஊர் இப்படி ஆடுமாம். "இது அடிக்கடி ஆட்றதுதான்" என்றார் அண்ணி எங்களிடம். அந்த நாலு பேரும், சும்மா பாத்துட்டு வரோம் என்று எழுந்து போனார்கள். அண்ணி டீ வாங்கி வருவதாக ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். பெஞ்சு காலியானதில் எங்களுக்கு ஒரே குஷி.

பன்னிரண்டாவது லெவலில் சுரேஷ் வழக்கம்போலச் சொதப்பினார். ஆள் சந்துக்குள் மாட்டிக்கொண்டான், மேலிருந்து பாறை. சுரேஷுக்குத் தோற்றால் தொண்டை பெரிதாகிவிடும். "போச்சு உஷா, பன்னெண்டாம் லெவல்ல பாறை விழுந்து ஆள் காலி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, ஆட்டத்தை நிறுத்திவைத்தேன்.

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் பூ விற்கும் அம்மா நின்றிருந்தது எங்களுக்குத் தெரியாது.

வெளியே ஷட்டர்கள் இறங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பஜாரே நடந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் ஒரே திசையில். பேக்கரி வாசலில் அண்ணி எடுத்துப்போன ஃபிளாஸ்க் உடைந்து டீ ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியைக் காணோம். ஓடுகிற ஒருவரை நிறுத்திச் சுரேஷ், "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்.

"அறுபத்திரெண்டாம் லெவல்ல மூணு பேரு போய்ட்டாங்களாம்."

"யார் சொன்னாங்க?"

"வீடியோ கேம் கடைக்குத்தான் முதல்ல தகவல் வந்துச்சாம். மெட்ராஸ்லருந்து வந்த ஆளு ஒருத்தரு சொன்னாராம்."

சுரேஷின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் பன்னிரண்டாம் லெவல், பூக்கடையைத் தாண்டுவதற்குள் அறுபத்திரண்டாகி, எங்கள் ஒரு பொம்மை மூன்று மனிதர்களாகியிருந்தது. நாங்களும் ஓடினோம். ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாசல் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மணல் குவிந்த வெள்ளை மேடு. அந்த மேட்டைப் படம் எடுப்பதற்கென்றே சென்னையிலிருந்து புது ஃபிலிம் ரோல் வாங்கி வந்திருந்தேன், கேமரா கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

கேட்டில் நூறு பெண்களாவது இருப்பார்கள். யாரும் அழவில்லை. அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலில் செருப்பு இல்லை. சுரேஷ் அவர் முன்னால் போய், "அக்கா, நான்தான் கத்தினேன். கேம்லக்கா. கேம்ல ஆள் செத்தான். நிஜமா ஒண்ணும் ஆகலை" என்றார்.

அண்ணி அவரைப் பார்த்தார். "தரை ஆடிச்சே" என்றார்.

நாங்கள் கத்தியதுதான் பொய். தரை ஆடியது பொய்யில்லை. உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல நாங்கள் யார்? வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை, "கேஜ் மேல வந்தா தெரியும், சும்மா இருங்கம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டு அண்ணியின் காலில் விழலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆட்களை ஏற்றி வரும் அந்தக் கூண்டு மூன்று தடவை வந்தது. மூன்றாவதில் டில்லி அண்ணன் வந்தார். சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் குழம்பி, "இன்னா, யாருக்கு இன்னா?" என்று கேட்டார். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி அவர் சட்டைக் கையைப் பிடித்தவர் கடை வரும்வரை விடவில்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "எங்க, என்னைக் கொன்ன ஆட்டத்தைக் காட்டு மாப்ளே" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். டிவியில் அந்த ஆள் பாறைக்குக் கீழே அப்படியே இருந்தான். நான் பட்டனை அழுத்தினேன். அவன் மறைந்து, மினுங்கி, முழுசாக எழுந்து நின்றான்.

"பாத்தியா, எந்திரிச்சிட்டான்" என்றார் அண்ணன்.

"அவனுக்கு இன்னும் எத்தினி உசுரு கீது?" என்று என்னைக் கேட்டார் அண்ணி.

"ரெண்டு, அண்ணி."

"இவருக்கு?"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி, "மேல வர்றதுக்கு எந்தப் பட்டன்மா?" என்று கேட்டார்.

"அது இல்லண்ணா. கீழதான் போக முடியும். கடைசி லெவலுக்குப் போனா ஆட்டம் முடிஞ்சிடும்."

"வூட்டுக்கு வர மாட்டானா?"

"வர்ற மாதிரி வைக்கலை."

அவர் நம்பவில்லை. ஜாய்ஸ்டிக்கை மேல்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆள் மண்ணில் முட்டிக்கொண்டு, கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் தள்ளினார்.

கேம் ஆடுகிற நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சாகிறோம். செத்துட்டேன், செத்துட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, டீ குடித்துவிட்டு மறுபடி உட்காருகிறோம். அத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறேன், அந்த ஆள் எப்படி வீடு திரும்புவான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உயிருக்கு எண் போட்டு மூலையில் காட்டுவது எவ்வளவு பயங்கரமான வேலை என்று அந்த பெஞ்சில்தான் உறைத்தது. இன்றைக்கும் விளையாடுகிறேன், பொய் சொல்ல மாட்டேன். தோற்றால், "அவுட்" என்று மட்டும் சொல்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் அவசியம். திரும்பும்போது, காலையில் மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் ஏறும், உட்கார இடம் கிடைக்காது. சயனைடு மேட்டில் ஏறாதீர்கள், காற்றடித்தால் கண் திறக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுரங்கத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், அவர்களே சொல்வார்கள். நிதானமாகப் பேசுங்கள்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது ஷிப்ட் சங்கு ஊதியது. தெருவில் ஆட்கள் தூக்கும் கையுமாக ஷாஃப்ட் பக்கம் நடந்தார்கள். டில்லி அண்ணனும் தூக்கோடு வாசலுக்கு வந்தார். வந்து, அதைப் படியில் வைத்துவிட்டு, குனிந்து, வீட்டை ஒட்டியிருந்த கடையின் ஷட்டரைத் தூக்கினார். கஸ்தூரி அண்ணி சங்கு ஊதி ஓயும்வரை அசையாமல் நின்றார். பிறகு அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு போய், காலை எட்டு மணிக்கு, மத்தியானச் சோற்றை அவருக்குத் தட்டில் போட்டார்.