அழைப்பிதழில் நான் வெட்டிய சொல்

லண்டனில், நோர்பரியில் இயங்கும் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ், அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். பதினான்கு வருடங்களாக அதுதான் வழக்கம். எழுத்துப்பிழைகளைவிட, பெயர்களுக்கு முன்னால் நிற்கும் பட்டங்களையே நான் கவனமாகப் பார்ப்பேன். எங்களவர் மத்தியில் ஒரு பட்டம் ஒருமுறை அழைப்பிதழில் ஏறிவிட்டால், பிறகு அது பிள்ளையின் கல்யாண அட்டையிலும், கடைசியில் மரண அறிவித்தலிலும் தானாகவே வந்து நின்றுவிடும். ஆகவே, படித்துப் பெறாத பட்டம் எதையும் நான் அனுமதித்ததில்லை. தலைவர் என்ற முறையில் அதை என் கடமையாகக் கருதினேன். என் சிவப்புப் பேனாவுக்குச் சங்கத்தில் ஒரு மரியாதையும் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் விழாவின் பிரதம விருந்தினராக ஒருவரைச் செயலாளர் தெரிவுசெய்தார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வசிப்பவர். முப்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைத் திருத்தும் வேலை பார்த்தவர். இங்கே கழித்துவிடும் இயந்திரங்களைக் கேட்டு வாங்கித் திருத்தி, தமது விடுமுறைகளில் ஆபிரிக்க நாடு ஒன்றுக்குக் கொண்டுபோய், தூரத்து ஆஸ்பத்திரிகளில் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்துவந்தார். அந்நாட்டுப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம், எங்கள் வழக்கில் கலாநிதிப் பட்டம், வழங்கியது. அதே மேடையில் ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவரும் அந்நாடே அறிந்த பாடகி ஒருவரும் பட்டம் பெற்றார்கள்.

மாதிரி அழைப்பிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று இருந்தது. செயற்குழுக் கூட்டத்தில், எல்லாரும் பார்த்திருக்க, நான் அதை ஒரே கோட்டில் வெட்டினேன்.

“ஏன் ஐயா? பட்டம் வாங்கின படம் பாத்தனீங்கள்தானே. சிவப்பு அங்கியோடை நிக்கிறார்,” என்றார் செயலாளர். ஓய்வுபெற்ற பஸ் சாரதியான அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“அங்கியை வாடகைக்கும் எடுக்கலாம், தம்பி. மனுசன் ஏ.எல். சோதினை கூடப் பாஸ் பண்ணேல்லை. ஆபிரிக்காவிலை பட்டம் கத்தரிக்காய் மாதிரி. சந்தையிலை கூறு போட்டு விக்கிறாங்கள்.”

“அப்ப எனக்கும் ஒரு கூறு சொல்லிவிடுங்கோ. மனுசி இனியாவது மதிக்கட்டும்,” என்றார் பொருளாளர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்ததை இப்போது சொல்ல வேண்டும். அந்த நாட்டில்தான் நான் பதினொரு வருடம் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பித்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். அமைச்சர் ஒருவருடைய மகன் மூன்று புள்ளிகளால் தவறியபோது, எத்தனை தொலைபேசி அழைப்புகள் வந்தும் பல்கலைக்கழகத்தார் அசையாததை நேரில் பார்த்தவன். அது எப்பேர்ப்பட்ட இடம் என்பது அன்று அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் கத்தரிக்காய் என்றேன்.

இன்னும் ஒன்று உண்டு. அதற்கு முந்திய வருடம் அதே பல்கலைக்கழகத்துக்கு நான் மூன்று பக்கக் கடிதம் ஒன்று எழுதியிருந்தேன். என் சேவைக் காலம், என்னிடம் படித்து உயர்ந்தவர்கள், லண்டனில் எனக்குள்ள பொதுப்பணிகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, கௌரவ கலாநிதிப் பட்டத்துக்கு என் பெயரைப் பரிசீலிக்கலாம் என்று முடித்திருந்தேன். நான்கு வரியில் பதில் வந்தது. சேவைக்கு நன்றி, தமக்காகத் தாமே செய்யும் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. அதை மடித்து என் பழைய கடவுச்சீட்டுக்குள் வைத்தேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

விழா நாளன்று பிரதம விருந்தினர் நேரத்தோடு, தனியாக வந்தார். மண்டபத்தின் பின்னறையில் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே போனதும் என்னருகில் வந்தார்.

“சேர், கார்ட் பாத்தனான். பெரிய உதவி செய்திருக்கிறீங்கள்.”

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

“பேருக்கு முன்னாலை பட்டத்தைப் போட வேண்டாமெண்டு யூனிவர்சிட்டியே எழுதித் தந்தது, சேர். கௌரவப் பட்டமெல்லே. உங்கடை செயலாளர் ஆசையிலை போட்டிடுவாரெண்டு பயந்துகொண்டிருந்தனான். படிச்ச மனுசர் இருந்தபடியாத் தப்பினன்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “அங்கை பதிவாளர் அம்மா, நான் லண்டன் தமிழன் எண்டோடனை, உங்களைத் தெரியுமோ எண்டு கேட்டவா. கடிதம் ஒண்டு வந்ததாம். ஓம், தெரியும், எங்கடை பெரிய வாத்தியார், அவருக்குப் பட்டம் கட்டாயம் குடுக்க வேணுமெண்டு சொன்னனான். ஆஸ்பத்திரி இன்ஜினியர் ஒராளும் உங்களிட்டைப் படிச்சவராம். நல்லாக் குட்டுவாரெண்டு சொல்லிச் சிரிச்சவர்.” ஒரு ரோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சேர். வீட்டிலையும் சொல்லேல்லை.”

எனக்கு முதலில் நன்றி தோன்றவில்லை. அவர் உண்மையில் ஒருவருக்கும் சொல்லவில்லையா என்றுதான் யோசித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்திய பின், எழுதி வைத்திருந்த உரையை நான் எடுக்கவில்லை. “இவருடைய பட்டத்தைச் சந்தைப் பொருள் என்று செயற்குழுவில் சொன்னேன். அது பொய். மன்னிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தை நான் நன்கு அறிவேன். அங்கே கேட்டு வாங்கக்கூடிய பட்டம்...” என்று தொடங்கிவிட்டு அவரைப் பார்த்தேன். “...அல்ல அது” என்று எப்படியோ முடித்தேன். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். சபை நெடுநேரம் கை தட்டியது. தலைவரின் பெருந்தன்மை என்று நன்றியுரையிலும் சொன்னார்கள். என் வாழ்நாளில் என்னை அவ்வளவு கூசவைத்த கைதட்டல் வேறில்லை.

விழா முடிந்து கதிரை அடுக்கும்போது செயலாளர் கேட்டார். “அப்ப ஐயா, இனி அச்சடிக்கப்போற விழா மலரிலை கலாநிதி எண்டு போடுவமோ?”

“வேண்டாம். பேருக்கு முன்னாலை போட வேண்டாமெண்டு யூனிவர்சிட்டியே சொல்லியிருக்கு.”

“அப்ப நீங்கள் வெட்டினது சரிதானே! பிறகேன் மேடையிலை மன்னிப்புக் கேட்டனீங்கள்?”

ஓம், சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் பேனாவின் மரியாதை இன்னும் கூடியிருக்கும்.

“அந்த விதி அப்ப எனக்குத் தெரியாது, தம்பி. நான் வெட்டினது பொறாமையிலை. அதே பட்டத்தைத் தரச்சொல்லி நானும் கடிதம் எழுதினனான். ஏலாதெண்டிட்டினம்.”

கையிலிருந்த கதிரையை அவர் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தேத்தண்ணி ஊத்தவோ, ஐயா?”

“ஊத்தும்.”

நான் சீனி போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்று மறந்து இரண்டு கரண்டி போட்டிருந்தார். முழுவதையும் குடித்தேன்.