முந்நூறு ஆந்தைகளின் வலது கண்

பட்டறையில் எல்லோரும் அவளைக் கண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண் வைப்பது அவள் வேலை.

பஞ்சு பொம்மை செய்யும் பட்டறை. கீழே அச்சகம், மேலே இவர்கள். துணி வெட்டுகிறவர்கள் ஜன்னலோரம், தைக்கிறவர்கள் நடுவில், பஞ்சு அடைக்கிறவர்கள் கடைசியில். தையலுக்கும் பஞ்சுக்கும் இடையே ஒரு மேசை. பத்தொன்பது வருடமாக அது கண்ணக்காவின் இடம்.

வேலை பார்க்க எளிது. வெறும் துணியாக வரும் தலையில் துளை போட்டு, கண்ணின் தண்டை நுழைத்து, உள்பக்கம் வளையத்தை மாட்டி, இறுக்கும் கருவியின் கைப்பிடியை அழுத்த வேண்டும். மூன்று தடவை 'டக்' என்று கேட்க வேண்டும். இரண்டோடு விட்டாலும் கண் நிற்கும். ஆனால் ஒரு குழந்தை கடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நேரே தொண்டைக்குப் போகும். அதனால் இருபதுக்கு ஒன்றை எடுத்துக் கொக்கித் தராசில் மாட்டி, ஒன்பது கிலோ இழுவையில் பத்து விநாடி பிடித்துப் பார்ப்பார்கள். கண்ணக்கா வைத்த கண் ஒன்றுகூடக் கொக்கியோடு வந்ததில்லை. கரடி, நாய், முயல், யானை என்று எத்தனை ஆயிரமோ.

ஆந்தை மட்டும் வந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை அதுவும் வந்தது. முந்நூறு. பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கிற பொம்மை. தலையில் சதுரத் தொப்பி, இறக்கைக்குள் ஒரு குட்டிப் புத்தகம். கண் இருபத்து நான்கு மில்லிமீட்டர். அவள் மேசைக்கு அவ்வளவு பெரிய கண் வந்ததே இல்லை.

முதல் தட்டைப் பார்த்ததும் கண்ணக்கா அதை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

அவளுக்கு ஏழு வயதில், அவள் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, எதிர்வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்தது. பட்டப்பகல். இவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அது கழுத்தை மட்டும் திருப்பி இவளைப் பார்த்தது. இவள் கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் அம்மா போய்விட்டாள். பார்த்திருக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தவள்தான். யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடமும் மகளிடமும் தவிர.

அந்தக் கணவர்தான் இப்போது மருத்துவமனையில் இருந்தார். லிப்ட் மெக்கானிக். நாற்பது மாடி ஏறி இறங்கினவருக்கு இதயத்தில் ஒரு வால்வு ஒழுகியது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை.

அன்று மாலை வார்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"வைடி. எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா. அந்த நர்ஸம்மா என்னை முறைக்கிறப்போ அது அவங்கள முறைக்கட்டும்."

"வாயை மூடுங்க. விளையாட்டா இது?"

மகள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். இயந்திரப் பொறியாளர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். அவள் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள்.

"இங்க பாரும்மா. இது பழைய காசு. ஆந்தை போட்டிருக்காங்க. அந்த ஊர்ல அதுதான் அறிவுக்கு அடையாளம். இது வேற நாடு, தொட்டில் மேல கட்டுற பொம்மை. பிள்ளையைக் காக்குமாம்."

"இது என்ன, கதவுல ஆணி அடிச்சு?"

"அது... இடி விழாம இருக்கணும்னு செத்த ஆந்தையை அடிச்சு வைப்பாங்களாம்."

கண்ணக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எந்த ஊர்லயும் அதைச் சும்மா விட்டவன் இல்லை பாத்தியா? எல்லாரும் பயந்திருக்கான். ஒருத்தன் கும்பிட்டான், ஒருத்தன் ஆணி அடிச்சான். அவ்ளோதான்."

"உங்கம்மாகிட்ட வாய் கொடுத்து ஜெயிச்சவன் நான்கூட இல்லை" என்றார் கணவர்.

மறுநாள் கண்ணக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒற்றைக் கண்ணோடு எதுவும் யாரையும் முறைக்க முடியாது. இடது கண்ணை மட்டும் அவள் வைப்பது. வலது கண்ணைப் பக்கத்து மேசையில் வாய் தைக்கும் ஊசி வைப்பது. ஊசி என்பது அவள் ஒல்லிக்காகப் பட்டறை வைத்த பெயர்.

"பார்வை கொடுக்கிறது நானா? என்னைப் பிடிச்சா பரவாயில்லையாக்கா?" என்று கேட்டாள் ஊசி.

"உன்னைப் பிடிக்க அதுக்கு எங்கடி சதை இருக்கு?"

ஊசி சிரித்துக்கொண்டே மூன்று நாளில் முந்நூறு வலது கண்களை வைத்தாள். கண்ணக்கா தலையைத் திருப்பிக்கொண்டு தட்டை நகர்த்தினாள். முடிந்த தட்டுகள் மேல் துணி போர்த்தினாள். ஒரு 'டக்' குறைவது அவள் காதில் விழாமல் போயிருக்காது. விழுந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த மேசைக்குப் போய்ச் செய்து காட்ட வேண்டும்.

வியாழன் மாலை கொக்கியில் மாட்டினார்கள். நான்கு கிலோவில் ஒரு கண் தெறித்துத் தரையில் உருண்டது. அடுத்தது ஐந்தில்.

முதலாளி உருண்ட கண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இது உங்க கை இல்லையேக்கா. ஏதாவது பிள்ளை முழுங்கியிருந்தா?"

வலது கண் முந்நூறையும் வெட்டி எடுத்து அவளே மறுபடி வைக்க வேண்டும் என்றாகிவிட்டது. வண்டி வெள்ளி மூன்று மணிக்கு.

வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்கத்தான் இருந்தாள். கணவர் விடவில்லை. வெளியே ஒருவர்தான் காத்திருக்கலாம், மகள் இருப்பாள் என்றார். வெள்ளி காலை அறுவை அறைக்குத் தள்ளுவண்டியில் போகும்போது, "இங்க உட்கார்ந்து என் வால்வை நீயா மாட்டப் போற? போய் உன் வேலையைப் பாரு" என்றார். அவளுக்கும் சுவரைப் பார்த்து உட்கார முடியாது என்று தெரியும். முதலாளிக்கும் விஷயம் தெரியும். "ஊசி வெட்டி எடுக்கிற வரைக்கும் முயலைப் பாருங்கக்கா" என்றார்.

எட்டரையிலிருந்து முயல்.

பதினொன்றுக்கு ஊசி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இருபது ஒற்றைக்கண் ஆந்தைகள். ஒவ்வொரு தட்டுக்கும் தொடங்கும் நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும், எழுதினாள், 11.10. முதல் தலையை எடுத்துத் துணியில் விரலை விட்டாள். டக். டக். மூன்றாவதுக்கு உள்ளங்கை வேர்த்துக் கைப்பிடி வழுக்கியது. புடவையில் துடைத்து மறுபடி அழுத்தினாள். டக். நிமிர்த்தினாள். இரண்டு கண்ணும் அவளைப் பார்த்தன.

அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஏழாவதில் போன் அடித்தது.

மகள்தான். "அம்மா, வா" என்றாள். அவ்வளவுதான். ஊசி ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். வழியெல்லாம் கண்ணக்கா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள், அது இன்னும் ஏதோ செய்துவிடும் என்பதுபோல்.

மருத்துவமனையில் எல்லாம் முடிந்திருந்தது. அவரைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். அழுகை வரவில்லை; பயம் வந்தது. வெளியே வந்து மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையில் ஒரு தாள் இருந்தது.

"எப்போடி?"

மகளுக்குக் கேள்வி புரிந்தது. "நீ ஆந்தையை எப்போ எடுத்தே?"

"பதினொண்ணு பத்து. சீட்டுல எழுதியிருக்கேன்."

மகள் தாளைப் பார்த்தாள். "பத்தே முக்கால்மா."

தாள் கண்ணக்காவுக்கும் தெரிந்தது. "பதினொண்ணு இருபதுன்னு போட்டிருக்கே."

"அது டாக்டர் கையெழுத்துப் போட்ட நேரம். இதயம் நின்னது பத்தே முக்கால். கேட்டுட்டேன்."

ஒரு அளவை வாழ்நாளில் கூட்டியும் குறைத்தும் சொல்லாத மகள், லிப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள். கண்ணக்கா அவள் முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பத்தே முக்காலுக்கு நான் முயலுக்குல்ல வச்சிட்டிருந்தேன்."

"ஆமாம்மா. முயலுக்கு."

அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அதே மேசையில் வேலை பார்த்தாள். ஆந்தைகள் இன்னும் இரண்டு முறை வந்தன. இரண்டு கண்ணையும் தானே வைத்தாள். ஆனால் சமைத்துக்கொண்டிருக்கும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று நெஞ்சை அடைக்கும். உடனே மகளுக்குப் போன் போடுவாள்.

"அன்னிக்குப் பத்தே முக்கால்தானே?"

"பத்தே முக்கால்மா."

கடைசியாகப் படுத்திருந்தபோதும் கேட்டாள். மகள் ஒரு நிமிடம்கூட மாற்றிச் சொல்லவில்லை.