காதர் பாய் கழற்றாத பலகை

ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடையில் போல்ட்டு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. காதர் பாயின் மகள். "ஆன்ட்டி, அத்தா மௌத்தாயிட்டாங்க. காலைல எழுப்பப் போனா மூச்சில்ல." என் கையில் இருந்தவை அவர் வாங்கி வைக்கச் சொன்ன போல்ட்டுகள்தான். கடைக்காரரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

தஞ்சோங் பகார் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குப் பாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துக் காப்பீட்டுப் பிரிவில் அடுத்தவர் விழுந்ததையும் நசுங்கியதையும் படித்துப் படித்து, மின்தூக்கிக்குள் கால் வைக்கவே யோசிப்பவர். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தோம். அதிகம் செய்தது நான். "நான் படிச்ச ஃபைல நீங்க படிச்சிருந்தா தெரியும்" என்று அவரும் சிரிப்பார்.

ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் தோட்டத்தில் மரத்தாலேயே ஒரு பட்டறை கட்ட ஆசைப்பட்டேன், நாற்காலி, பெட்டி என்று செய்து பார்க்க. புக்கிட் பாத்தோக்கிலிருந்து பேருந்து ஏறி உதவிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அளந்தார், அறுத்தார், பயந்தார். கிளம்பும் முன் எல்லாத் தூண்களையும் பிடித்து உலுக்கிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

போன மாதம் நான்கு பக்க மரச் சட்டங்களையும் நிமிர்த்தி நிறுத்தினோம். வாசல் பக்கத்துக்கு மட்டும் முட்டுக் கொடுக்கவில்லை. மேற்கே கறுத்தது, மழைக்கு முன்பே காற்று வந்துவிட்டது. சட்டம் மொத்தமும் முனகிக்கொண்டு சாய்ந்தது. பாய் ஓடிப்போய்த் தூணைக் கட்டிப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது.

"விட்டுட்டு வாங்க பாய்!"

"விட்டா பக்கத்து வீட்டுல விழும். அங்க பிள்ளைங்க வெளையாடுது. பலகைய எடுத்துக் குறுக்கால அடிங்கம்மா, சீக்கிரம்!"

வாசலின் குறுக்கே, மூலைக்கு மூலை ஒரு பலகையை வைத்து அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. பாய் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். இருவரும் செத்தோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆணி இறங்கியது, பலகை பிடித்துக்கொண்டது.

காற்று அடங்கித் தேநீர் குடிக்கும்போதும் அவர் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பயமா பாய்?" என்றேன்.

"இருக்கட்டும்மா. பயம் போச்சுன்னா போல்ட்டு முடுக்குறத நிறுத்திடுவோம்." பலகையைக் காட்டினார். "பெரிய போல்ட்டு எல்லாம் போட்டப்புறம் நானே வந்து கழட்டுறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க லா."

நேற்று அந்தப் போல்ட்டுகளைப் போட்டு முடித்தேன். சுத்தியலோடு பலகையருகே போனபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் எனக்கும் சேர்த்து அவர் பயந்திருக்கிறார், அதனால்தான் என்னால் சிரிக்க முடிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. சுத்தியலை வைத்துவிட்டு ஒவ்வொரு தூணாக உலுக்கினேன். பின்மூலைத் தூண் அசைந்தது. நன்றாக முடுக்கியதாகச் சத்தியமே செய்திருப்பேன். மறுபடி முடுக்கினேன்.

பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. பட்டறைக்குள் குனிந்துதான் போகிறேன்.